பீரங்கிக்காரர் கட்டிய கோயில்

சென்னைப் பட்டணத்துச் சாதாரண ஜனங்களுக்கு எந்தச் சர்ச்சாக இருந்தாலும் அது "மாதா கோயில்" தான். ரோமன் கத்தோலிக்கமா, புராடெஸ்டண்டா, ஸ்காட்லாந்துக்காரர்களுடையதா என்ற வித்தியாசமெல்லாம் பாதிரிமார்கள் பார்த்துக் கொள்ள வேண்டியவை. வழி கேட்டால் "அதோ, மாதா கோயில் தாண்டி இடது பக்கம்" என்பார்கள். நாமும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்து விடுவோம். செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் சர்ச்சுக்கு மட்டும் இந்தப் பெயர் சாஸ்திரப்படியே பொருந்தி விட்டது. அது உண்மையிலேயே மாதாவின் பெயரால் ஏற்பட்ட கோயில். செயிண்ட் மேரி சர்ச் என்று அதற்குப் பெயர்.

சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள ஆங்கிலேயத் திருச்சபைக் கோயில்களில் இதுவே மிகப் பழையது என்பார்கள். "கீழ் நாட்டின் வெஸ்ட்மின்ஸ்டர்" என்று பெருமையாகச் சொல்வதும் உண்டு. இந்த மாதிரிப் பட்டங்களில் எனக்கு அவ்வளவு சிரத்தை இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கட்டடம் எத்தனையாவது பழையது என்பதைவிட, அதற்குள் யார் யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள், எப்படித் திரும்பிப் போனார்கள் என்பதில்தான் ருசி. அந்த விஷயத்தில் இந்தக் கோயிலுக்கு இணை கிடையாது. 1680 முதல் இங்கே நடந்த ஞானஸ்நானங்களையும் கல்யாணங்களையும் சாவுகளையும் வரிசையாக எழுதி வைத்த ரிஜிஸ்தர்கள் இருக்கின்றன. ராஜ்யங்களின் சரித்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு ஊரின் ரகசியங்கள் எல்லாம் இப்படிப்பட்ட புத்தகங்களில்தான் ஒளிந்திருக்கும். எழுதியிருப்பதில் பாதி; எழுதாமல் விட்டதில் பாதி.

கோட்டையின் கதையை நேயர்கள் அறிவார்கள். தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து 1639-இல் ஆங்கிலேயர்கள் கடற்கரை மணலில் கொஞ்சம் இடம் வாங்கினார்கள். பிரான்ஸிஸ் டே, ஆண்ட்ரூ கோகன் என்ற இரண்டு வர்த்தகர்களும் அடுத்த வருஷம் அங்கே வந்து குடியேறினார்கள். முதலில் கிடங்கு, பிறகு சுவர், சுவருக்குமேல் பீரங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. கோயில் மட்டும் வரவில்லை. கிட்டத்தட்ட 40 வருஷ காலம் கும்பெனி துரைமார்கள் வர்த்தகம் நடத்திய மாளிகையிலேயே ஓர் அறையில் பிரார்த்தனையை முடித்துக் கொண்டார்கள். துணி மூட்டைக் கணக்குப் பார்த்த வீட்டிலேயே பாவக் கணக்கும் பார்க்கப்பட்டது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அதே கோட்டைக்குள் கத்தோலிக்கர்களுக்கு வெகு முன்னதாகவே ஒரு கோயில் இருந்தது. 1642-இல் வந்த எப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்பூசின் பாதிரியார், கோட்டைக்குள் குடியிருந்த போர்த்துக்கீசியர்களுக்காக அதை நடத்தி வந்தார். மணி அடிக்கிறது அவர்கள் வீட்டில். கோட்டைக்குச் சொந்தக்காரர்களோ சாப்பாட்டு மேஜையைத் தள்ளி வைத்துவிட்டு முழங்கால் படியிடுகிறார்கள்!

1678-ஆம் வருஷம் ஆரம்பத்தில் ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர் என்பவர் கவர்னராக வந்தார். எதிலும் ஒழுங்கு வேண்டும் என்ற பிடிவாதக்காரர். கோயில் இல்லாத குறை அவர் கண்ணில் பட்டது. லண்டனில் உள்ள டைரக்டர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தால் கடிதம் போய்ச் சேர ஏழெட்டு மாதம், பதில் வர இன்னும் அத்தனை மாதம், பதிலில் இருக்கப் போவதோ "இப்போது வேண்டாம், செலவு" என்ற இரண்டு வார்த்தை. ஆகையால் மாஸ்டர் அவர்களைக் கேட்கவே இல்லை. சந்தா நோட்டை எடுத்தார். தம் பெயரை முதலில் எழுதினார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களிடம் நீட்டினார். கவர்னர் நீட்டுகிற நோட்டில் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியுமா? 800 வராகனுக்கு மேல் சேர்ந்தது. கும்பெனியின் காசு ஒன்றுகூட இல்லாமல், ஊரார் பணத்திலேயே வேலை தொடங்கிவிட்டது.

தொடங்கிய நாள் 1678 மார்ச் 25. கன்னி மரியாளுக்குத் தேவதூதன் மங்கள வார்த்தை சொன்னதாகக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் திருநாள் அது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் வருஷப் பிறப்பும் அன்றைக்குத்தான். 1752-இல் பஞ்சாங்கத்தை மாற்றிய பிறகுதான் ஜனவரி 1 அவர்களுக்கு வருஷப் பிறப்பாயிற்று. நல்ல நாள் பார்த்து வாஸ்து செய்ததில் நம்மவர்களுக்கு அவர்கள் இளைத்தவர்களல்ல. நாளை ஒட்டியே கோயிலுக்குப் பெயரும் அமைந்தது.

அவர்கள் கட்டிய கோயிலைப் பார்த்தால் முதலில் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். மேல் நாட்டுப் பெரிய கோயில்களின் படங்களில் காணும் ஊசிக் கமான்களும், மெல்லிய தூண்களும், பூ வேலைகளும் இங்கே இல்லை. தடித்த சுவர்கள், உருண்ட கூரை, அவ்வளவுதான். கோட்டைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஒருவர்தான் இதற்குப் படம் போட்டுக் கொடுத்தார் என்று சரித்திரக்காரர்கள் கருதுகிறார்கள். கட்டடமே அதற்குச் சாட்சி சொல்லுகிறது. வெடிமருந்துக் கிடங்கு கட்டிப் பழகிய கை கோயில் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. வெளிச் சுவரின் கனம் 4 அடி. கூரையின் கனம் 2 அடி. நடுவில் ஒரு பெரிய வளைவு, இரு பக்கமும் இரண்டு வளைவுகள். மூன்று பாதிப் பீப்பாய்களை அருகருகே கவிழ்த்து வைத்த மாதிரி. எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். கதவு ஜன்னல்களைத் தவிரக் கட்டுமானத்தில் மரமே கிடையாது.

ஏன் இப்படி என்று யோசித்தால் அந்த மனிதரின் சாமர்த்தியம் தெரியும். அன்றைய சென்னை வீடுகளில் மர உத்தரம் போட்டு, மேலே செங்கல் பரப்பி, சுண்ணாம்புத் தளம் இடுவது வழக்கம். வீட்டுக்கு அது போதும். ஆனால் மரத்துக்கு மூன்று எதிரிகள்: கறையான், கடல் காற்றின் ஈரம், நெருப்பு. முற்றுகைக் காலத்தில் நான்காவதாகப் பீரங்கிக் குண்டும் சேர்ந்து கொள்ளும். தட்டைக் கூரையில் விழுகிற குண்டு நேரே உள்ளே இறங்கிவிடும். உருண்ட கூரையில் விழுந்தால் வழுக்கிக் கொண்டு போய்விடும். ஆனால் வளைவுக் கூரைக்கு ஒரு குணம் உண்டு. அது தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை; பக்கவாட்டிலும் தள்ளும். இடித்துத் தள்ளப் பார்க்கும் அந்தப் பலத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காகத்தான் 4 அடிச் சுவர். அழகுக்காகவோ டம்பத்துக்காகவோ அல்ல, அந்தத் தடிமன் ஒரு கணக்கு.

இந்தக் கணக்கை எழுதியவர் வேண்டுமானால் ஆங்கிலேயர். கட்டிய கைகள் யாருடையவை? கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, ஊறப் போட்டு, அரைத்து, மேல் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவும் வெல்லமும் தயிரும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துச் சலவைக்கல்லைப் போலப் பளபளக்கச் செய்கிற வித்தை இந்தக் கரையோரத்துக் கொத்தர்களுடையது. "மதராஸ் சுண்ணாம்பு" என்று அது பிற்காலத்தில் வெள்ளைக்காரர் நடுவே பேர் பெற்றது. செங்கல் சுமந்த சித்தாள் பெண்களும், சாரத்தின்மேல் நின்று வளைவு கட்டிய கொத்தனார்களும் ஊரார்கள். சந்தாக் கொடுத்தவர்களின் கணக்கு இருக்கிறது. 2 அடி கனத்துக்கு விழாமல் வளைவு கட்டிக் கொடுத்தவர்களின் கணக்கை யாரும் வைக்கவில்லை. நான் முன்னே சொன்னேனே, எழுதாமல் விட்டதில் பாதி என்று, அதில் இது முதல் பக்கம்.

1680 அக்டோபர் 28-ஆம் தேதி பிரதிஷ்டை நடந்தது. லண்டன் அத்தியட்சரின் அதிகாரப் பத்திரம் பெற்று, ரிச்சர்டு போர்ட்மன் என்ற பாதிரியார் அதை நடத்தி வைத்தார். சடங்கு முடிந்ததும் சிப்பாய்கள் துப்பாக்கி வேட்டுப் போட்டார்கள். கோட்டையைச் சுற்றிலும் பீரங்கிகள் முழங்கின. சமாதானத்தின் தேவனுக்குக் கோயில் திறந்ததைப் பீரங்கியினால் அறிவித்தார்கள். பீரங்கிக்காரர் கட்டிய கோயிலுக்கு அது பொருத்தமான மேளம்தான்.

சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4-ஆம் தேதி, முதல் கல்யாணம். மாப்பிள்ளை கும்பெனி உத்தியோகஸ்தர் எலிஹூ யேல். மணப்பெண் கேதரீன் ஹின்மர்ஸ், அதே கோட்டையில் உத்தியோகம் பார்த்து இறந்துபோன ஜோஸப் ஹின்மர்ஸின் விதவை. நம் நாட்டில் விதவா விவாகத்துக்காக எத்தனையோ பேர் ஏச்சும் பேச்சும் கேட்பதற்கு இரு நூற்றாண்டுகள் முன்னதாக, இங்கே முதல் கல்யாணமே விதவா விவாகமாக நடந்திருக்கிறது. யேல் பிறகு 1687 முதல் 1692 வரையில் கவர்னராக இருந்தார். ஏராளமாகச் சம்பாதித்தார், சம்பாதித்த வழியைப் பற்றிக் கும்பெனியோடு ஓயாத வழக்கு. கோயிலுக்கு அவர் கொடுத்த வெள்ளித் தட்டு ஒன்று உண்டு. 1718-இல் அமெரிக்காவில் கனெக்டிகட் பிரதேசத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், ஜார்ஜ் ராஜாவின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றிக்காக அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று உலகப் புகழ் பெற்ற யேல் பல்கலைக் கழகம் அதுதான். 562 பவுனுக்கு இவ்வளவு மலிவாக அமரத்துவம் வாங்கியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய பிள்ளை டேவிட், குழந்தைப் பருவத்திலேயே 1688-இல் இந்த ஊரில் இறந்து போனான். அந்தப் பெயரைச் சுமக்க மகன் இல்லை, கல்லூரி சுமக்கிறது.

கோயிலின் மேற்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கல் தொட்டி இருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டி. பல்லாவரத்துக் குன்றில் வெட்டி எடுத்த கல். நம் வீட்டு அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் சொந்தக்காரக் கல் என்று பார்த்தவுடனேயே சொல்லி விடலாம். இந்தத் தொட்டியைப் பற்றித்தான் எனக்குச் சற்று விவரமாகச் சொல்ல ஆசை.

1689-ஆம் வருஷம் வங்காளத்தில் மொகலாயர்களோடு சண்டை போட்டுத் தோற்று, அங்கிருந்த ஆங்கிலேயர்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜாப் சார்னாக். அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதம் வங்காளத்துக்குத் திரும்பிப் போய் ஹூக்ளி ஆற்றங்கரையில் கல்கத்தா என்ற ஊர் தோன்றக் காரணமாக இருந்தவர் இவர்தான். இங்கே தங்கியிருந்தபோது, 1689 ஆகஸ்டு 19-ஆம் தேதி, தம் மூன்று பெண்களுக்கும் ஒரே நாளில் இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் செய்வித்தார். மேரி, எலிஸபெத், கேதரீன். மூன்று பெண்களும் கைக்குழந்தைகள் அல்ல. வங்காளத்திலும் பீகாரிலும் பிறந்து வளர்ந்தவர்கள். பாதிரியார் இல்லாத ஊர்களில் இத்தனை நாள் காத்திருந்தது போலும் அந்தச் சடங்கு.

அவர்களுடைய தாய் ஓர் இந்தியப் பெண். அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர் அதை எழுதி வைத்தார். கணவனின் சிதையில் ஏறவிருந்த இளம் விதவையைச் சார்னாக் வேடிக்கை பார்க்கப் போனாராம். அவளுடைய அழகைப் பார்த்துவிட்டுச் சிப்பாய்களை ஏவிச் சிதையிலிருந்து தூக்கி வந்து விட்டாராம். இருவரும் பல வருஷங்கள் அன்போடு வாழ்ந்தார்களாம். அவள் இறந்த பிறகு வருஷந்தோறும் அந்த நாளில் அவளுடைய கல்லறையில் ஒரு சேவலைப் பலி கொடுத்தாராம். கதை எவ்வளவு தூரம் நிஜம் என்று நிச்சயிக்கச் சரித்திர ஆசிரியர்களால் முடியவில்லை. என்னைப் போன்றவர்களுக்கோ, இப்படி ஒரு கதாநாயகி கிடைத்தால் 50 வாரத்துக்குத் தொடர்கதை எழுதலாம் என்று கை துறுதுறுக்கிறது. ஆனால் எழுதப் புகுந்தால் முதல் வரியிலேயே நிற்க வேண்டியதுதான். அவளுக்கு என்ன பெயர்? அவளுடைய தாய் தகப்பன் வைத்த பெயர் சரித்திரத்தில் எங்குமே இல்லை. அவளை மணந்தவரின் பெயர் ஒரு மகாநகரத்தின் கதையோடு சேர்ந்து விட்டது. அவளுடைய பெண்களின் பெயர் கோட்டை ரிஜிஸ்தரில் ஏறிவிட்டது. நடுவில் இருந்த அவளுக்குத்தான் பெயரில்லை.

கதை இதோடு முடியவில்லை. சார்னாக் 1693 ஜனவரியில் கல்கத்தாவில் காலமானார். ஞானஸ்நானம் பெற்ற மூத்த பெண் மேரியை மணந்தவர் சார்லஸ் அயர் என்ற உத்தியோகஸ்தர். அவர் தம் மாமனாருக்குச் சமாதி ஒன்று எழுப்பினார். அதற்குப் பலகைக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே பல்லாவரத்திலிருந்து. சென்னையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். பிறகு 200 வருஷம் கழித்து, 1893-இல், புவியியல் இலாகாவைச் சேர்ந்த ஹாலண்டு என்ற விஞ்ஞானி அந்தச் சமாதிக் கல்லைப் பரிசோதித்து, இது தனி ஜாதிக் கல் என்று கண்டு, அதில் படுத்திருப்பவரின் நினைவாகவே "சார்னகைட்" என்று பெயர் சூட்டினார். இன்று உலகத்தில் எந்தக் கண்டத்தில் இந்த ஜாதிக் கல் அகப்பட்டாலும் அதற்குச் சார்னாக்கின் பெயர்தான். பெண்களுக்குப் பெயர் வைத்ததும் பல்லாவரம் கல்லின் அருகில். தகப்பனாரின் பெயரைச் சுமப்பதும் பல்லாவரம் கல். பல்லாவரத்துக் கல்லுக்குக்கூட ஐரோப்பியப் பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்களைப் பெற்றவளுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நம்முடைய வம்சாவளிகளைப் புரட்டிப் பார்த்தால் மட்டும் என்ன வாழ்கிறது? பாட்டனார், முப்பாட்டனார் என்று ஏழு தலைமுறை சொல்லுகிற மனிதர், கொள்ளுப் பாட்டியின் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்.

யுத்தங்களுக்கு வருவோம். குண்டு துளைக்காத கூரைக்குப் பரீட்சை வரத்தானே வேண்டும்? 1746-இல் லபூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார். 1749-இல் சமாதான உடன்படிக்கைப்படி அது திரும்பி வந்தது. திரும்பி வந்தவுடன் ஆங்கிலேயர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னார்கள் என்று சந்தேகித்துக் கப்பூசின் பாதிரிமார்களை வெளியேற்றி, அவர்களுடைய கோயிலை இடித்தது. கிட்டத்தட்ட 70 வருஷம் பக்கத்துப் பக்கத்தில் மணி அடித்த இரண்டு கோயில்களில் ஒன்று அப்படிப் போயிற்று.

1758 டிசம்பரில் லாலி பெரும் படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். அடுத்த பிப்ரவரி நடுவில் ஆங்கிலேயக் கப்பல்கள் உதவிக்கு வரும் வரையில் இரண்டு மாதத்துக்கு மேல் குண்டு மழை. கோட்டை வீடுகளில் முக்கால்வாசி நாசம். சிப்பாய்கள் மாதா கோயிலின் உருண்ட கூரையடியில் அடைக்கலம் புகுந்தார்கள். பெயர் தெரியாத கொத்தனார்களின் வளைவு நின்றது. இன்று மேலே தெரியும் கூம்புக் கோபுரம் 1795-ஆம் வருஷத்தது. ஆனால் கீழே உள்ள வளைவும் சுவரும் அந்த 1680-ஆம் வருஷத்தவைதாம்.

அந்த முற்றுகையினால் கோயிலின் வாசலுக்கு ஒரு விநோதம் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர்களின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. உயர உயரமான சமாதிகள். லாலியின் வீரர்கள் அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கிக் கொண்டு கோட்டையைச் சுட்டார்கள். பாட்டன்மாரின் கல்லறைகளே பேரன்மாரின் பகைவருக்கு அரணாகி விட்டன! சண்டை முடிந்ததும், இனி இந்த ஆபத்து வேண்டாமென்று, ஒன்றிரண்டு தவிர மற்றச் சமாதிகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்துள்ள கற்களை மட்டும் கொண்டு வந்து மாதா கோயிலைச் சுற்றித் தளமாகப் பதித்தார்கள். அப்புறம் ஹைதர் அலியின் படை வருகிறது என்ற பயம் வந்தபோது, அவற்றில் பலவற்றைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கோட்டை மதிலில் பீரங்கிகளுக்கு அடியில் போட்டார்கள். அமைதி திரும்பிய பிறகு மீண்டும் கொண்டுவந்து பதித்தார்கள். செத்த பிறகும் அவர்களுக்குச் சேவகத்திலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

அந்தக் கற்களில் லத்தீன் எழுத்து இருக்கிறது, போர்த்துக்கீசிய எழுத்து இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. 1652-ஆம் வருஷத்துக் கல் ஒன்று, சென்னை அதிகாரியாக வந்த ஆரன் பேக்கரின் மனைவி எலிஸபெத்துடையது. இந்தியாவிலேயே மிகப் பழைய ஆங்கிலேயச் சமாதிக் கல் அதுதான் என்பார்கள். புருஷனோடு புது ஊர் பார்க்கக் கப்பலேறியவள், கரையைக் காணாமல் கப்பலிலேயே இறந்து போனாள். அவள் எலும்பு இருக்கும் இடம் ஒன்று, கல் இருக்கும் இடம் வேறு. கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் இன்று அந்தப் பெயர்களின்மேல்தான் நடக்கிறார்கள்.

1753 பிப்ரவரி 18-ஆம் தேதி இங்கே நடந்த கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் கோபித்துக் கொள்வார்கள். மாப்பிள்ளை ராபர்ட் கிளைவ், வயது 27. ஆற்காட்டு முற்றுகையினால் புகழ் பெற்ற தளபதி. பெண் மார்கரெட் மாஸ்கலீன், வயது 17. அதெல்லாம் பள்ளிக்கூடச் சரித்திரத்திலேயே வந்து விடுகிறது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்த பாதிரியார் ஓர் ஆங்கிலேயரே அல்ல. வேப்பேரியில் இருந்த ஜெர்மானிய மிஷனரி பாப்ரீஷியஸ். ஆம், பைபிளைத் தமிழில் பெயர்த்த, 1779-இல் தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்ட அதே பாப்ரீஷியஸ்தான். அந்தக் கல்யாண மேடையில் எதிரெதிரே நின்ற இரண்டு மனிதர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவர் தென்னாட்டு மண்ணைப் பிடிக்க வந்தவர். மற்றவர் தென்னாட்டுச் சொல்லைப் பிடிக்க வந்தவர். கிளைவ் குபேர சம்பத்தோடு ஊர் திரும்பி, 1774-இல் தம் வீட்டிலேயே அகால மரணமடைந்தார். பாப்ரீஷியஸ் ஊருக்கே திரும்பவில்லை. ஊரார் நம்பி ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுத்து ஏமாந்து, வயோதிகத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போய், 1791-இல் இந்த ஊரிலேயே கண்ணை மூடினார். பிளாசிச் சண்டையில் கிடைத்ததெல்லாம் போய்விட்டது. அந்த அகராதியின் சொற்கள் மட்டும் நம் நாக்கில் இருக்கின்றன.

பலிபீடத்துக்கு மேலே ஒரு பெரிய சித்திரம் உண்டு. யேசுநாதர் சீடர்களோடு அமர்ந்து உண்ட கடைசி இராப் போஜனம். இத்தாலிய ஓவியர் ரபேலின் வழி வந்தவர்கள் தீட்டியது என்று வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது, அங்கிருந்து வந்த கொள்ளைப் பொருள்களில் அது ஒன்று. காட்டிக் கொடுக்கப்பட்ட இரவைச் சித்திரித்த படத்தைப் பகைவர் வீட்டிலிருந்து எடுத்து வந்து, பூஜை செய்கிற இடத்தில் மாட்டியிருக்கிறார்கள்! அதே புதுச்சேரியிலிருந்து ஓர் அச்சு யந்திரமும் வந்தது. அதை வேப்பேரி மிஷனரிகளிடம் கொடுத்து, சர்க்காருக்கு வேண்டியபோது அச்சடித்துத் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பாப்ரீஷியஸின் நூல்கள் அச்சேற அது வழி வகுத்தது. கொள்ளையில் வந்த இரண்டு பொருள்களில் ஒன்று சுவரில் தொங்குகிறது. மற்றது தமிழுக்குத் தொண்டு செய்தது.

உள்ளே சமாதிகளும் நினைவுச் சின்னங்களும் நிறைய. தமிழில் பேசித் தமிழர்களோடு வாழ்ந்து 1798-இல் தஞ்சாவூரில் இறந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியாருக்குக் கும்பெனியார் எழுப்பிய சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. 1827-இல் பத்திகொண்டாவில் காலராவினால் மாண்ட ஸர் தாமஸ் மன்றோவின் எலும்புகள், நாலு வருஷம் கழித்து இங்கே கொண்டு வந்து அடக்கம் செய்யப்பட்டன. ஆனால் என்னை அதிக நேரம் நிற்க வைத்த இடம், பெயர் வெட்டாத ஒரு கல். அடியில் இருப்பவர் பிகட் பிரபு என்று சொல்லுகிறார்கள்.

லாலியின் முற்றுகையின்போது கோட்டையைக் காத்து நின்ற கவர்னர் இவர்தான். ஊருக்குப் போய்ப் பிரபுப் பட்டம் பெற்று, 1775-இல் இரண்டாம் தடவை கவர்னராக வந்தார். ஆற்காட்டு நவாபு கும்பெனியின் துணையோடு பிடித்துக் கொண்ட தஞ்சாவூரைத் துளஜா மகாராஜாவுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது லண்டன் உத்தரவு. 1776 ஏப்ரலில் பிகட் தாமே தஞ்சாவூருக்குப் போய் ராஜாவைச் சிம்மாசனத்தில் அமர்த்தினார். அங்கேதான் வந்தது வினை. நவாபுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்திருந்த துரைமார்கள், தஞ்சாவூர் நெல்லைத்தான் ஈடாக நம்பியிருந்தார்கள். கவுன்ஸிலில் அவர்களுக்கு வேண்டியவர்களே பெரும்பான்மை. 1776 ஆகஸ்டு 24-ஆம் தேதி, தங்களுடைய கவர்னரையே வண்டியில் போகும்போது வழிமறித்துக் கைது செய்தார்கள்! அவருக்குப் பதவி திரும்பக் கொடுக்கும்படி லண்டனிலிருந்து உத்தரவு கிளம்பியது. அது வந்து சேருமுன், 1777 மே 11-ஆம் தேதி, காவலிலேயே அவர் இறந்து போனார். எந்தக் கூரை எதிரியின் குண்டிலிருந்து அவருடைய சிப்பாய்களைக் காத்ததோ, அதே கூரையின் கீழ், சொந்த மனிதர்களால் மாண்டு, பெயரில்லாமல் கிடக்கிறார். பீரங்கிக்காரர் 4 அடிச் சுவர் கட்டினார். வெளியிலிருந்து வருகிற பகைக்கு அது போதும். உள்ளேயிருந்து வருகிற பகைக்கு எத்தனை அடிச் சுவர் கட்டுவது?

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் சமாசாரம், நமக்கு என்ன என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். 1947-க்கு அப்புறம் இந்தக் கேள்வி நியாயந்தான். ஆனால் அந்தக் கோயில் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது, அதன் சுண்ணாம்பு நம்முடையது, கல் நம்முடையது, பெயரில்லாத தாய் நம்முடையவள், அகராதி நம்முடையது, பிகட் உயிரை விட்டது தஞ்சாவூர் நெல்லுக்காக. வேண்டாம் என்று ஒதுக்கினால் நம்முடைய பங்கையும் சேர்த்தல்லவா ஒதுக்க வேண்டியிருக்கும்?

கோட்டையில் சட்டசபையும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. மாற்றல் உத்தரவுக்கோ, பென்ஷன் பாக்கிக்கோ மனுவை எடுத்துக் கொண்டு என்றைக்காவது நீங்கள் அங்கே போக நேரலாம். "அதிகாரி வெளியே போயிருக்கிறார், மத்தியானம் வாருங்கள்" என்பார்கள். மனம் சலிக்க வேண்டாம். நாலடி தள்ளித்தான் மாதா கோயில். உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் கறுப்புக் கல் தொட்டியண்டை சற்று நில்லுங்கள். உங்கள் கொள்ளுப் பாட்டியின் பெயர் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வந்தால், வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.